கவுன்ரரிலை எடுத்தால் பீஸ் இல்லை

இல்லைப் பிள்ளை, அந்த லப்டொப்பை மூடி வையும். இன்ரநெற்றிலை பிளேன் ரிக்கற் எடுக்கத் தெரியாமல் நான் இந்த எயார்போட்டிலை வந்து குந்திக்கொண்டு இருக்கேல்லை. என்ரை வீட்டிலையும் கொம்பியூட்டர் கிடக்கு. நேற்றுப் பின்னேரமும் எடுத்துப் பாத்தனான். எட்மன்ரனுக்கு ஒரு ஆள், போக வர. விலை நல்ல வடிவா, மலிவா வந்து நிக்குது. சரியெண்டு அமத்தினால் பதினெட்டு டொலர் ஏறிப்போச்சு. என்ன கோதாரிக்கு எண்டு பாத்தால், என்ரை வசதிக்காம். ஆற்றை வசதி? என்ரை கதிரையிலை நான் இருந்து, என்ரை கரண்டை எரிச்சு, என்ரை விரலாலை பேரும் பிறந்த திகதியும் அடிச்சு, அவன்ரை வேலையை நான் செய்து குடுக்கிறன். அதுக்கு நான் அவனுக்குக் காசு குடுக்கவேணுமாம். பகல் கொள்ளைக்காரர்.

இஞ்சை நேரை வந்து கவுன்ரரிலை எடுத்தால் அந்தக் கண்டறியாத பீஸ் இல்லை. ஆனால் ஒருத்தனும் அதைச் சொல்லமாட்டான். எங்கையோ அடியிலை, எறும்பு ஊருற மாதிரி எழுத்திலை போட்டிருக்கிறாங்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி மட்டும் வாசிச்சனான்.

ஓம், சிரியும் சிரியும். பஸ் காசைக் கேக்கப்போறீர், என்ன? எல்லாரும் அதைத்தான் கேக்கினம். மல்வேர்னிலை ஏறினால் பஸ், ரெயின், பேந்து சப்வே, கிப்ளிங்கிலை இறங்கித் திரும்பவும் பஸ். எல்லாத்துக்கும் சேத்து ஒரு ரோக்கன். போக இன்னொண்டு. ரெண்டரை மணித்தியாலம் எண்டது உண்மைதான். அது என்ரை நேரம், நான் பாத்துக்கொள்ளுறன்.

நீர் எண்டு சொல்லுறன் எண்டு கோவிக்காதையும், பிள்ளை. நீர் இந்தியாப் பக்கம், என்ன? உம்மடை கதையிலை தெரியுது. எங்கடை பக்கம் அது மரியாதைதான். என்ன பேர் சொன்னனீர்? ராஜியோ. நல்ல பேர். நான் மங்கையற்கரசி. மங்கையக்கா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறவை.

இது எனக்கு மூண்டாம் தரம். நம்பமாட்டீர். வெள்ளிக்கிழமை வந்தன், கவுன்ரர் பூட்டு. பத்து மணிக்குத் திறந்து பன்ரெண்டுக்குப் பூட்டுவாங்களாம், அதுவும் பிளேன் போற நாளிலை மட்டுந்தானாம். ஆரிட்டைக் கேட்டு அறியிறது? போன் அடிச்சால் அரை மணித்தியாலம் பாட்டுப் போடுறாங்கள். நேற்று வந்து, சப்பாத்துக் கால் வீங்க லைனிலை நிண்டு, எனக்கு முன்னாலை ரெண்டே ரெண்டு பேர் நிக்கேக்கை கொம்பியூட்டர் செத்துப்போச்சு. அந்தப் பெடியன் சொல்லுறான், வீட்டை போய் இன்ரநெற்றிலை எடுங்கோவாம். நான் கத்தின கத்திலை செக்கியூரிட்டி வந்திட்டுது. எனக்கு வெக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. போன மாசம் ஊரிலை சண்டையை நிப்பாட்டச் சொல்லி ஆயிரக்கணக்கிலை சனம் ஹைவேயிலை ஏறி இருந்து கத்தினனாங்கள், என்ரை வயசுக்கு நானும் தார் றோட்டிலை சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தனான். அதுக்கே ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. பின்னாலை நிண்ட காருகள் ஹோர்ன் அடிச்சவை, எங்களாலை தங்களுக்குச் சுணக்கமாம். அப்ப இவன் நான் கத்தினால் என்ன செய்யப்போறான்?

இண்டைக்கு விடமாட்டன். மலிவு விலை இண்டையோடை முடியுது. வியாழக்கிழமைப் பிளேன். இதைத் தவறவிட்டால் விலை மும்மடங்கு.

ட்ரவல் ஏஜென்சியோ? ஐயோ, எங்கடை ஆக்களின்ரை ஏஜென்சி ஸ்காபரோவிலை பத்துக் கிடக்கு. காசு கூட எண்டது ஒரு பக்கம். அங்கை போனால் விடுப்புக் கேப்பாங்கள். ஏனக்கா திடீரெண்டு எட்மன்ரன், ஆருக்கு என்ன, எத்தினை நாள் எண்டு. பின்னேரத்துக்கிடையிலை அது எட்மன்ரனுக்குப் போய்ச் சேந்திடும். எனக்கு முன்னாலை அது போகக்கூடாது.

உம்மடை பெட்டியை அதிலை வையும், ஆரும் எடுக்கமாட்டினம். ரெண்டு கிலோ கூடவெண்டு சொன்னனீர், என்ன? அதுக்கும் புடுங்குவாங்கள், பாரும். உள்ளை கிடக்கிற சுவெற்றரை எடுத்துப் போடும், அதுக்கு மேலை ஜக்கெற்றைப் போடும். வேர்த்தால் வேர்க்கட்டும். நான் அப்பிடித்தான் செய்யிறனான்.

என்ன, என்ன? கிரெடிட் காட்டை எடுக்காதையும்! உள்ளை வையும் அதை. பதினெட்டு டொலரை நீர் கட்டுறதோ? உம்மட்டை நான் கேட்டனானோ? காசு இல்லாமல் வந்த ஆள் மாதிரியே தெரியுது என்னைப் பாக்க? மிசிசாகாவிலை பாண் பக்டரியிலை பதினேழு வருசமா நிண்ட நிலையிலை வேலை செய்யிறவள் நான். வீட்டுக் கடன் கட்டி முடிச்சிட்டன், பெட்டையைப் படிப்பிச்சு விட்டிட்டன். என்னட்டைக் காசு கிடக்கு. ஒண்டு இல்லை, நாலு ரிக்கற் முழு விலையிலை எடுக்கக் காசு கிடக்கு.

சரி, சரி. உம்மிலை கோவமில்லை. நல்ல மனசிலை கேட்டனீர். இரும் இதிலை.

நான் கசவாரம், பிள்ளை. ஓம், கசவாரம் எண்டால் ஒரு சதம் விடாதவை. ஊரெல்லாம் தெரியும். எட்மன்ரனிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள், கமலாம்பிகை. அவளின்ரை மகள் வனஜாவின்ரை கலியாணத்துக்கு எல்லாரும் நாலு மணித்தியாலத்திலை போய் இறங்கினவை. நான் ரெண்டு இடத்திலை மாறி, ஒரு இரா எயார்போட் வாங்கிலை படுத்து, ஐஸ்கிறீம் பேணிக்குள்ளை இடியப்பம் கட்டிக்கொண்டு போனனான். தொண்ணூறு டொலர் மிச்சம். கமலம் கதவைத் திறந்தவள், வா எண்டு சொல்லேல்லை. எவ்வளவுக்கு அக்கா எடுத்தனீ எண்டுதான் கேட்டவள். நான் ரிக்கற் துண்டைக் காட்ட, அதை வாங்கி வந்த சனத்துக்கெல்லாம் வாசிச்சுக் காட்டிச் சிரிச்சவள். ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான். துண்டைப் பறிச்சு வரி வரியா வாசிப்பாள், நான் எங்கையாவது ஒரு டொலர் ஏமாந்திருக்கிறனோ எண்டு. அது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு.

இப்ப யோசிச்சுப் பாரும். நான் திடீரெண்டு வியாழக்கிழமை அவளின்ரை வாசலிலை நிக்கிறன். அவள் துண்டைப் பறிக்கிறாள். அதிலை முழு விலை போட்டிருக்கு. அல்லது வசதிக் கட்டணம் எண்டு ஒரு வரி நிக்குது. மங்கையக்கா பீஸ் கட்டி வந்திருக்கிறா எண்டால், அவளுக்கு வேறை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அந்த வாசலிலையே விழுந்திடுவாள். ஆரும் சாகாமல் நான் பீஸ் கட்டமாட்டன் எண்டு அவளுக்குத் தெரியும்.

ஓம்.

அவளின்ரை மகன். மிதுனன் எண்டு பேர். வன்னியிலை இருந்தவன். போன மாசம் பதினைஞ்சாந் திகதி காலமை, தண்ணிக்குப் போன இடத்திலை செல் குண்டு விழுந்தது. சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியிலை வெடி கொளுத்திக் காட்டினாங்கள், என்ன, அதுக்கு மூண்டு நாள் முந்தி. மூண்டு நாள், பிள்ளை. அவனோடை நிண்ட அல்பேட் மாஸ்ரர் எண்டவர் முகாமிலை இருந்து களவா ஒரு போன் எடுத்து எனக்குச் சொன்னவர். பெடியன் என்ரை நம்பரைத்தான் குடுத்து வைச்சிருந்தவனாம். எனக்கு ஏதும் நடந்தால் பெரியம்மாவுக்கு எடுங்கோ, அம்மாவுக்கு எடுக்காதேங்கோ எண்டு. புதைக்கவும் நேரமில்லையாம். பங்கர்க் குழிக்குள்ளை வைச்சு மண்ணைத் தள்ளிவிட்டிட்டு ஓடினவையாம்.

இல்லை, கமலத்துக்குத் தெரியாது. பன்ரெண்டு நாளா நான் சொல்லேல்லை. எங்கடை ஆக்கள் போனிலை சொல்லுறேல்லை. முதல் சுகமில்லை எண்டுதான் சொல்லுறது. நாலு பேர் பக்கத்திலை இருக்கவேணும், ஆள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவேணும். பேந்துதான் மெல்லச் சொல்லுறது. வனஜாவுக்குச் சொல்லியிட்டன். அவள் குளியலறைக்குள்ளை பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுறாளாம். தன்னாலை சொல்ல ஏலாதாம், பெரியம்மா நீங்கள் வாங்கோ எண்டு கெஞ்சுறாள்.

கமலம் ஒவ்வொரு நாளும் எனக்கு எடுப்பாள். அக்கா, முகாம் லிஸ்ற்றிலை பேர் வந்ததோ எண்டு கேப்பாள். இன்னும் முழு லிஸ்ற் வரேல்லையடி, லச்சக்கணக்கான சனமெல்லோ எண்டு நான் சொல்லுவன். அவள் உடனை சந்தோசமா, ஓமக்கா, சுணங்கும்தானே எண்டு சொல்லுவாள். முந்தநாள் அவனுக்கு நாலு சேட் வாங்கி வைச்சிருக்கிறாளாம், மெலிஞ்சிருப்பான் எண்டு ஒரு சைஸ் குறைச்சு. அதைக் கேட்டிட்டுப் போனை வைச்சு, நான் குசினியிலை கிடந்த கோப்பையைத் தூக்கிச் சுவரிலை அடிச்சனான்.

வாற ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். அதுக்குள்ளை தாய்க்குத் தெரியவேணும். கிரியையைச் செய்யவேணும். பெத்தவள் ஒரு விளக்குக் கொளுத்தாமல் அவனைப் போகவிடுறதோ? அதுதான் வியாழன். மலிவு விலை போட்டிருக்கிறாங்கள், சும்மா வாறன் எண்டு நேற்றே சொல்லியிட்டன். உடனை சிரிக்கிறாள். அதுதானே பாத்தன், சேல் எண்டால்தானே உனக்கு என்ரை நினைவு வரும் எண்டு.

என்ரை பிழை இல்லையெண்டு சொல்லாதையும், பிள்ளை. நீர் ஒண்டும் தெரியாமல் சொல்லுறீர். கேளும். வனஜா தாயை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் போடேக்கை, தம்பியையும் சேத்துத்தான் போட்டவள். இருபத்திரண்டு வயசு ஆகாத பிள்ளை எண்டால் தாய் தேப்பனோடை வரலாம். லோயர் ஆயிரத்தைந்நூறு கேட்டவன். நான்தான் குறுக்கை போனன். உனக்கென்ன விசரோ, உந்தப் போமுக்கு லோயரோ, பெரியம்மா நிரப்பித் தாறன் எண்டு. ரெண்டு கிழமை இருந்து நிரப்பினன். ஒரு கையெழுத்து விடுபட்டுப்போச்சு. ஒண்டே ஒண்டு. போம் முழுக்கத் திரும்பி வந்தது, நாலு மாசம் கழிச்சு. அதுக்கிடையிலை அவனுக்கு இருபத்திரண்டு பிறந்திட்டுது. அப்ப அவன் பிள்ளை இல்லையாம். நீங்கள் போங்கோ அம்மா, நான் பேந்து வாறன் எண்டு அவன்தான் பிளேன் ஏத்தி விட்டவன்.

கமலம் இண்டை வரைக்கும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. ஏசியிருக்கலாம். மூஞ்சையிலை துப்பியிருக்கலாம். ஒண்டும் இல்லை, இப்பவும் என்ரை ரிக்கற் துண்டைப் பறிச்சுச் சிரிக்கிறாள். எனக்குப் போமைத் திருப்பி அனுப்பினவங்களிலையும் ஆத்திரம், செல் அடிச்சவங்களிலையும் ஆத்திரம், இந்தப் பீஸ் புடுங்குறவங்களிலையும் ஆத்திரம். ஆனால் எல்லாத்துக்கும் மேலை என்னிலைதான் ஆத்திரம். படுத்தால் நித்திரை இல்லை. நல்ல அக்கா, ஆயிரத்தைந்நூறு மிச்சம் பிடிச்சுக் குடுத்தவள்.

உங்கை பாரும், கவுன்ரரிலை லைற் போட்டிட்டாங்கள். எழும்பும், எழும்பும். பின்னாலை நிக்கிறவன் முன்னுக்குப் பூந்திடுவான்.

எத்தினை நாளுக்கோ? வியாழன் போய்ச் செவ்வாய் திரும்புறது எண்டு எடுக்கப்போறன். செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டன், பிள்ளை. அவளை அந்த நிலையிலை விட்டிட்டு எப்பிடி வாறது? மாசமோ, ரெண்டு மாசமோ, வேலை போனால் போகட்டும். மலிவு ரிக்கற், திகதி மாத்தேலாது, காசும் திருப்பித் தரமாட்டாங்கள். போறதுக்கு மட்டும் எடுத்தால் பாதிக் காசுதான், எனக்குத் தெரியாதோ? ஆனால் திரும்பி வாற நாள் போடாத துண்டோடை நான் போய் நிண்டால் அவள் வாசிச்ச உடனை விளங்கிக்கொள்ளுவாள். செவ்வாய்க்கிழமை எண்டு போட்டிருந்தால்தான், அக்கா சேலுக்குத்தான் வந்திருக்கிறாள் எண்டு நம்பி, என்னோடை இருந்து ஒரு பிடி சோறு தின்னுவாள். அந்த ஒரு பிடிக்குத்தான் வராத பிளேனுக்குக் காசு கட்டுறன். நீர் உம்மடை பெட்டியைத் தள்ளும், லைன் போகுது.