முதல் பக்கத்துப் போட்டோ

நாளைக்கி டெஸ்டுக்கு வரலையா? என்னம்மா கடைசி நேரத்துல குண்டத் தூக்கிப் போடறீங்க? ஐயோ, ஸ்டியரிங்க விடாதீங்க. நீங்க வண்டியப் பாருங்க, பேச்ச நான் பாத்துக்கறேன். கிளட்ச்ச மெதுவா விடுங்க... மெதுவான்னா மெதுவா... ஆங், நின்னுடுச்சா. பரவால்ல. திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கறான், அடிச்சுக்கட்டும். அவன் மட்டும் என்ன, பொறக்கும்போதே லைசன்ஸோடயா வந்தான்?

பயமா? நம்பற மாதிரி எதாவது சொல்லுங்க. கை நல்லாப் படிஞ்சிருக்கு, வளைவு ஒவ்வொண்ணும் அழகாத் திருப்பறீங்க. உங்க பயம் வண்டி மேல இல்ல. சரி சரி, காரணம் கேக்கல. இன்னிக்கு கடைசி கிளாஸ்தானே, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். நான் பாட்டுக்கு எதையாவது பேசிக்கிட்டு வரேன், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க.

என்ன பேசறது... ஆங். நம்ம டிரைவிங் ஸ்கூலோட வெப்சைட்டப் பாத்துட்டுத்தானே வந்தேன்னு சொன்னீங்க? அது நானே பண்ணது. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்கு. எழுத வேண்டியத ஒரு போல்டர்ல எழுதி, படத்தையெல்லாம் இன்னொரு போல்டர்ல போட்டு, ஒரே ஒரு வரி கமாண்ட் அடிச்சாப் போதும். மொத்த சைட்டையும் பக்கம் பக்கமாக் கட்டிக் கையில குடுத்துடும். அத அப்படியே நெட்ல ஏத்திட வேண்டியதுதான். அதுக்கப்புறம் நாமளாத் தொட்டாத்தான் மாறும். அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். மிரரப் பாருங்க, சைக்கிள் வருது. விட்டுடுங்க, போகட்டும்.

இந்த ஸ்கூலுக்கு முன்னாடி நான் வேற ஒரு டிரைவிங் ஸ்கூல்ல இருந்தேன். எங்க வீட்டுக்காரரோடது. வீட்டுக்காரரா இருந்தவரோடதுன்னு சொல்லணும். அங்கயும் சைட்டப் பண்ணது நான்தான். அப்புறம் எங்களுக்குள்ள ஒத்து வரல. வக்கீல், கோர்ட்டுன்னு அலைஞ்சு ஒரு வழியா முடிஞ்சுது. ஸ்கூல் அவருக்கு, ஒரு ஓட்ட வண்டி எனக்கு. இதோ, நீங்க ஓட்டறீங்களே, இதேதான். நானும் தனியா ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சேன். சைட் வேணுமே? பழையதுல இருக்கறதெல்லாம் நான் எழுதினதுதானேன்னு, எல்லாத்தையும் பென்டிரைவ்ல அள்ளிக்கிட்டு வந்து, பேரையும் போன் நம்பரையும் மட்டும் மாத்தினேன். படமெல்லாம் ஜம்முன்னு வந்து நின்னுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு கால ஆட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

அங்கதான் கோட்ட விட்டேன். என்கூட வந்தது எழுத்து மட்டும்தான், படம் வரவே இல்ல. படம் வர வேண்டிய எடத்துலெல்லாம் அவர் சைட்டோட அட்ரஸ்தான் எழுதியிருந்துச்சு. யாராவது என் பக்கத்தத் தொறந்தாங்கன்னா, ஒவ்வொரு தடவையும் அவர் சைட்டுக்கு ஓடிப்போய், அங்க இருக்கற படத்த வாங்கிட்டு வந்து காட்டும். என் போல்டர்ல ஒரு படம் கொறஞ்சாக்கூட அந்தப் புரோகிராம் சும்மா விடாதும்மா. எங்க அந்தப் படம்னு சண்டை போட்டுட்டு நின்னுடும். ஆனா வெளி அட்ரஸ்னா கண்டுக்கறதே இல்ல. அங்க என்ன இருந்தா எனக்கென்னன்னு போயிடும்.

கியர மாத்துங்க. ரெண்டுலயே எவ்வளவு தூரம் போவீங்க, வண்டி முனகுது பாருங்க.

அவருக்கு ஒரு பழக்கம். புதுப் படம் போட்டாலும் புதுப் பேர் வெக்க மாட்டார். அவ்வளவு சோம்பேறித்தனம். பழைய பேர்லயே பழைய படத்து மேலயே ஏத்திடுவார். நான் வெளிய வந்ததும் அவர் சைட்லேருந்து என் போட்டோவத் தூக்கிட்டுத் தன் போட்டோவப் போட்டுக்கிட்டார். அதே பேர்ல. அவர் சைட்டு, அவர் இஷ்டம். என் சைட்ல என்ன ஆச்சு? பெண்களுக்குப் பெண் ஆசிரியரே கற்றுத் தருவார்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். அதுக்குக் கீழ மீசைய முறுக்கிக்கிட்டு இவர் நிக்கறார்!

எனக்கெப்படித் தெரியும்? ஒரு அம்மா போன் பண்ணி, ஏங்க, எங்க பொண்ணச் சேக்கலாம்னு பாத்தோம், டீச்சரம்மாவுக்கு மீசை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேங்கறாங்க. யாரோ கிண்டல் பண்றாங்கன்னு போன வெச்சுட்டேன். போய்ப் பாத்தா, என் கம்ப்யூட்டர்ல என் மூஞ்சிதான் தெரியுது. பழைய படத்த அது பத்திரமாச் சேத்து வெச்சுக்கிட்டு அதையே காட்டியிருக்கு. ஊருக்கெல்லாம் மீசை, எனக்கு மட்டும் நான்.

இதுவாவது பரவால்ல. வண்டி நிக்கற படம் ஒண்ணு இருந்துச்சு. அந்த எடத்துல அவர் தன் ஸ்கூல் போர்டப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கார், போன் நம்பர் பளிச்சுன்னு தெரியற மாதிரி. என் சைட்டப் பாத்துட்டு ஜனங்க நேரா அவருக்குப் போன் பண்ணி அங்க போய்ச் சேந்திருக்காங்க. நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்.

ஆங், அப்படி சிரிங்க. சிரிச்சா கை எவ்வளவு லேசாயிடுச்சு பாருங்க.

கடைசியில எங்க அக்கா வீட்டுக்குப் போனப்போ அவ போன்ல பாத்தேன். என் சைட்லயே நான் இல்ல. ஒரு படத்துலகூட இல்ல. மொதல்ல சிரிச்சேன், அப்புறம் அக்கா மடியில படுத்துக்கிட்டு அப்படி அழுதேன். பொட்டியத் தூக்கிக்கிட்டு வீட்ட விட்டு வந்த அன்னிக்குக்கூட அழல.

அதுக்கப்புறம்தான் ஒழுங்காக் கத்துக்கிட்டேன். வெளிய இருக்கற படமே வேணும்னாலும், சைட்டக் கட்டும்போதே புரோகிராம் ஒரு தடவை போய் எடுத்துட்டு வந்து நம்மகிட்ட ஒரு காப்பி வெச்சுக்கற மாதிரி பண்ணலாமாம். அங்க அவங்க என்ன மாத்தினாலும் நம்ம பக்கம் அசையாது. டிராபிக் போர்டு படமெல்லாம் அப்படித்தான் வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் புதுசா எடுத்து, நம்ம போல்டர்லயே. ஒவ்வொரு பக்கமா உக்காந்து அவர் அட்ரஸத் தேடித்தேடித் தூக்கினேன். வேப்பிலை அடிக்கற மாதிரி.

தூக்கிக்கிட்டே வந்தேனா, முதல் பக்கத்துல ஒரு படம் மிஞ்சிச்சு. பயம் போயே போச்சு, முதல் தடவையிலேயே பாஸ்னு மேல எழுதியிருக்கும். கீழ நான் லைசன்ஸக் கையில வெச்சுக்கிட்டு ஈன்னு இளிச்சுக்கிட்டு நிப்பேன். அவர் பக்கத்துல உக்காந்து கத்தின கத்துக்கெல்லாம் தாக்குப் பிடிச்சு வாங்கினது. அதையும் மாத்தியிருந்தார். அங்க வேற ஒரு பொண்ணு நிக்குது. புதுசாக் கல்யாணமான முகம். கையில பூங்கொத்து. லைசன்ஸக் காணோம்.

என்ன, திரும்ப நின்னுடுச்சா? ஓரமாத்தானே இருக்கோம், இருக்கட்டும். அழாதீங்கம்மா. இந்தாங்க தண்ணி.

நீங்க சேர வந்த அன்னிக்கே தெரியும். என் சைட்டோட முதல் பக்கத்துல அவ்வளவு நாள் இருந்த மூஞ்சி, எனக்கு மறக்குமா? வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலைன்னீங்க. எந்த வெளியூரு, அடுத்த தெருதானே. இல்ல, அவர் அனுப்பலன்னும் தெரியும். அவர் ஏன் அனுப்பறார்? உங்களுக்குத்தான் சைட்லயே பாஸ் போட்டுட்டாரே, இனிமே எதுக்குக் கத்துக் குடுக்கணும்! பாக்கறவங்கல்லாம் வண்டி ஓட்டுவீங்களாமேன்னு கேட்டிருப்பாங்க, உங்களுக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரிஞ்சிருக்காது. நாளைக்கி டெஸ்ட் எடத்துக்கு அவரும் தன்கிட்டக் கத்துக்கறவங்களக் கூட்டிக்கிட்டு வருவார். அதானே பயம்?

நான் எதுக்குக் கோவப்படணும்? நீங்களா அந்தப் படத்த அங்க வெச்சீங்க? அத நான் அழிக்கவும் இல்ல. இறக்கி என் போல்டர்ல வெச்சிருக்கேன். மேல எழுதினதும் அப்படியேதான் இருக்கு. நாளைக்கி பாஸானீங்கன்னா, உங்களக் கேட்டுட்டு, அதே எடத்துல போடறேன். இந்த வாட்டி அவர் மாத்த முடியாது.

கண்ணத் தொடைங்க. ரோடு தெரியணும். ஸ்டார்ட் பண்ணுங்க, இண்டிகேட்டர் போடுங்க. வலது பக்கம். ஆமா, அவர் ஸ்கூல் இருக்கற தெருதான். இன்னிக்கே அவர் பாத்துட்டா நாளைக்கி பயமிருக்காதுல்ல? கிளட்ச்சு... அப்படித்தான். அதோ, வாசல்லயே நிக்கறார், மீசையத் தடவிக்கிட்டு. நீங்க பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. கியர மாத்துங்க. ம்ம், அழகு.

இப்போ ஒரே ஒரு தடவை ஹாரன் அடிங்க.