கோரஸில் நாலு பேர்

"கோரஸ்ல பாடுற நாலு பேருமே நான்தான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தவுடனே, இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பர்மாவில், தாகேதா போகும் பஸ். முன் இருக்கையில் பச்சை லுங்கிச் சீருடையில் இரண்டு பள்ளிப் பெண்கள். சொன்னவளின் மடியில் லேப்டாப் இருந்தது.

"நாலு தடவ தனித்தனியாப் பாடி, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சேன். ரெக்கார்டிங் சொல்லித் தர்ற சயாமா கேட்டுட்டு, ஒரே ஆளாத் தெரியுது, வேற குரல் கொண்டா, இல்லன்னா மார்க் இல்லன்னுட்டாங்க."

"ஒங்க அக்காவப் பாடச் சொல்லேன்?"

"அவ பாங்காக் போயாச்சே. பின்னாடியே அம்மாவும். அப்பா வேலைக்குப் போயிட்டா வீட்ல நானும் மைக்கும்தான்."

"மைக்காவது பேசுதா?"

"ஹெட்போன் போட்டாப் பேசும். அதுவும் என் குரல்லயே."

தோழி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் வரவா?"

"நெசமாவா? சனிக்கிழம கரண்ட் இருக்கறப்ப வா. கரண்ட் போனா தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம்."

"எனக்குத் தமிழ் வாசிக்க வராதேடி."

"பாட்டப் பர்மா எழுத்துல எழுதி வைக்கிறேன்."

"என் குரல் தவளை மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும்டி. என் குரலா இல்லாம இருந்தாப் போதும்."