வேலியோரத்து ஏழு வாளி

றாஹிலா: ...ஒரு செடி தப்பல்ல, ராத்தா. வேலிக்கு அங்கால முழுக்க முடிஞ்சி.

ஸைனம்பு: கனகாம்பிகைட தோட்டமா? முழுக்கவா?

றாஹிலா: முழுக்க. இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமா சுருண்டு... பிஞ்செல்லாம் கொப்புளம். கல்முனைச் சந்தையில ஆரும் கையால தொட மாட்டாங்க.

ஸைனம்பு: மருந்து கிருந்து அடிச்சா...?

றாஹிலா: வைரசுக்கு எங்க மருந்து? புடுங்கி நெருப்பு வைக்கிறதான்.

ஸைனம்பு: அவட மனிசனுக்கு கால் ஏலா. கடலுக்குப் போகாம ரெண்டு வருசம். அந்தப் பூசணிதான் புள்ள அவங்கட சோறு.

றாஹிலா: தெரியும். உங்கட பக்கம்?

ஸைனம்பு: என்டயும் பாதி போச்சி. நீ விவசாயக் கந்தோர்ல வேல செய்றவள்தானே, சொல்லு. எங்கால வந்திச்சி இது?

றாஹிலா: அழுக்கணவன் பூச்சி, இலைச் சாறு உறிஞ்சுறது. கடுகளவுதான். ஆனா ராத்தா, இந்த வைரசு செய்ற வேலையப் பாத்தா...

ஸைனம்பு: தொடங்கிட்டாள். செத்த வீட்டுலயும் இவளுக்குப் பாடம்தான்.

றாஹிலா: கேளுங்களன். நோய் புடிச்ச செடி நல்ல செடிய விட மணம் கூட விடும். நம்மட மூக்குக்குப் புடிபடாது, பூச்சிக்குப் புடிபடும்.

ஸைனம்பு: அது ஏழாம் நோன்பு அண்டைக்கே சொல்லிட்டியே. மணத்துக்குப் பூச்சி ஓடி வரும் எண்டு.

றாஹிலா: மிச்சத்தச் சொன்னனா?

ஸைனம்பு: என்ன மிச்சம்?

றாஹிலா: வந்து, குத்தி, உறிஞ்சிப் பாக்கும். ருசி சரியில்ல. சீ எண்டு உடனே எழும்பிரும். அதுக்குள்ள வாயில வைரசு ஒட்டிரும். பக்கத்துச் செடியில போய்க் குத்தினா, அதுக்கும் நோய்தான்.

ஸைனம்பு: வந்த பூச்சி... அங்கயே இரிக்காதா?

றாஹிலா: இருந்தா நோய் எப்பிடிப் பரவுற? மணத்தால கூப்பிட்டு ருசியால வெரட்டுது. கெட்டிக்காரப் பேய்!

ஸைனம்பு: அண்டைக்கு இதச் சொல்லல்லயே நீ.

றாஹிலா: நோன்பு துறக்கப் பாங்கு சொல்லிட்டாங்களே! பேரீத்தம்பழத்த வாயில வெச்சதோட கதைய உட்டுட்டன்.

ஸைனம்பு: நானும் கஞ்சி ஊத்தப் போயிட்டன்...

றாஹிலா: ஏன் மொகம் இப்பிடிப் போச்சி? அண்டைக்கு நோய் புடிச்ச செடி ஏழு காட்டினீங்க. புடுங்கச் சொன்னன். புடுங்கினீங்கதானே?

ஸைனம்பு: புடுங்கினன்.

றாஹிலா: நெருப்பு வெச்சீங்களா?

ஸைனம்பு: அத உடு, புள்ள.

றாஹிலா: நானும் ஒண்டு மறைச்சிட்டுத்தான் வாறன். எங்கால வந்த எண்டு கனகாம்பிகை அக்கா கேட்டாங்க. தூரத்துத் தோட்டத்தால வந்திரிக்கும் எண்டுட்டன். பொய். வேலியோரத்துச் செடிதான் முதல்ல பட்டிரிக்கி. வேலிக்கு இங்கால ஏழு வாளியும் கண்டன், ராத்தா.

ஸைனம்பு: மண்ணோட கிளப்பி வாளியில வெச்சன். பூச்சியெல்லாம் அதுட மணத்துக்கு அங்கயே போய் மொய்க்கும், என்ட தோட்டம் தப்பும் எண்டு... வேலியோரம்தானே நமக்குத் தூரம்.

றாஹிலா: அவங்களுக்கு?

ஸைனம்பு: அத நான் யோசிக்கல்ல. இல்ல... யோசிச்சன். யோசிச்சிட்டுத்தான் வெச்சன்.

றாஹிலா: யா அல்லாஹ்! இருபது நாள்! இந்த வெயிலுக்கு வாளியில காஞ்சி செத்திரிக்க வேணுமே. நீங்க தண்ணி ஊத்தினீங்களா?

ஸைனம்பு: நான் கிட்டயும் போகல்ல. கனகாம்பிகைதான்... 'பாவம், நோன்புக் களைப்புல மறந்துட்டா போல' எண்டு மனிசனுக்குச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால கையப் போட்டு ஊத்தினா. நான் குசினி யன்னலால பாத்துட்டு... சும்மா இருந்தன், புள்ள.