அரை மணி நேரம் தாங்கிய டயோடு

எனக்குச் சங்கீதம் பிடிக்கும். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா, விசாரணைக்கு உதவும்.

எங்கள் கம்பெனி செய்கிற கரோக்கிப் பெட்டிக்கு டயோடு தீர்ந்துபோனது. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிட்டு, திரும்பி வந்தால் கதவைச் சாத்துகிற குட்டிச் சாமான் அது. மாற்று டயோடைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு கெட்ட பெயர் கிடையாது.

அந்த வாரம்தான் என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நல்ல மனுஷர், குரல்தான் கழுத்தறுப்பு.

"மாப்ள, உங்க கம்பெனிப் பெட்டி புதுசா வந்ததும் எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருங்க. தினம் ஒரு மணி நேரம் பாடினாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

மனைவி தலையாட்டிவிட்டாள். என் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது.

ஒரு மணி நேரம். அது மனதில் தங்கிவிட்டது.

மாற்றாக வந்த மூன்றில் ஒன்று, வோல்ட்டும் ஆம்பியரும் காகிதத்தில் கச்சிதம். ஆனால் கதவை மெதுவாகச் சாத்துகிற ரகம். சாத்துவதற்குள் மின்சாரம் திரும்பி ஓடிச் சூடேற்றும். நாற்பதாவது நிமிஷம் புகை. வடிவமைப்புப் பிரிவில் இருந்த பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

"சார், இது இந்த சர்க்யூட்டுக்கு லாயக்கில்ல."

"சோதனை அரை மணி நேரந்தானேம்மா? தாங்குச்சா இல்லையா?"

"தாங்குச்சு சார். ஆனா..."

ஆனாவுக்குப் படிவத்தில் இடம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மச்சான் பெட்டியில் மட்டும் மாட்டியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஒரு பெட்டியில் மாட்டினால் அது சதி. எட்டாயிரம் பெட்டியிலும் மாட்டினால் அது தர ஒப்புதல்.

நாற்பது நிமிஷத்துக்கு மேல் பாடியவர்கள் வீட்டில்தான் புகை வந்தது. அவர்களுடைய அக்கம்பக்கத்தார் ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஒரு வீட்டில் ஜன்னல் திரை தீப்பற்றி, ஓர் அம்மாவுக்குக் கை வெந்ததாம். பாவமாக இருந்தது. வடிவமைப்புப் பெண் போட்ட சர்க்யூட் வரைபடம்தான் தப்பு என்று நான் எழுதிக் கொடுத்ததால் அவளுக்கு வேலை போனது. அதற்கும் பாவமாகத்தான் இருந்தது. மச்சான் பெட்டியும் புகைந்துபோனது; இப்போது பெட்டி இல்லாமலே பாடுகிறார், முன்பைவிடச் சத்தமாக.

ஆனால் ஒன்று, நான் விதியை மீறியதே இல்லை. சோதனை அரை மணி நேரம் என்பது விதி. நான்கு மணி நேரமாக இருந்ததைக் குறைத்தது யார் என்கிறீர்களா? நான்தான் ஐயா. மச்சான் வந்த மறுநாள்.