மூன்றாவது குரல்

எனக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். பேய்க்கதை எழுதிப் பெயர் வாங்கியவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். குளியலறை மூலையில் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு நின்றால் போதும், துண்டோடு வெளியே வந்துவிடுவேன். என் மனைவி தங்கப்பொண்ணுதான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். "இத்துனூண்டு பூச்சிக்குப் பயந்துக்கிட்டு இவரு ஊரையே பயங்காட்டுறாராம்" என்பாள். அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

ஆண்டு மலருக்கு ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார். இல்லை என்று தெரிந்த பேய்க்கு மனிதர்கள் ஏன் பயப்படுகிறார்கள், அதையும் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று ஏன் பயப்படுகிறார்கள் என்று நான் விளக்க வேண்டுமாம். என்னிடம் பதில் இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

மதுரை டவுனில் வாடகைக்குப் புத்தகம் விடும் சிக்கந்தரும் நானும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போவோம். பேய்ப்படம் எது வந்தாலும் விடமாட்டோம். அவர் திரையைப் பார்ப்பார். நான் ஓர நாற்காலியில் பாதி திரும்பி உட்கார்ந்து, பார்க்கிறவர்களைப் பார்ப்பேன். பேய் வரும் நேரம் எல்லாரும் முகத்தை மூடுவார்கள், ஆனால் விரல்களுக்கு நடுவே சந்து விட்டுக்கொள்வார்கள். அதற்கு என்ன காரணம் என்று ஒருநாள் சிக்கந்தரிடம் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார்.

"அங்க செவப்பா எரியுது பாருங்கண்ணே, வெளிய போற வழின்னு. அந்த லைட்டுதான் இம்புட்டுப் பேரையும் உக்கார வச்சிருக்கு. அதை அணைச்சுப் பாருங்க, ஒருத்தன் இருக்க மாட்டான்."

டீக்கடைக்கு வந்ததும் அவர் அதை மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. கதையில் பயம் இனிப்பது வாசல் திறந்திருப்பதால்தான். பேய் பொய் என்று புத்திக்குத் தெரியும், முதுகெலும்புக்குத் தெரியாது. அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள இடத்தில்தான் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது. அப்படியானால் வாசலே இல்லாத பயம் ஒரு முகத்தில் எப்படித் தெரியும்? எந்தத் தியேட்டரிலும் அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கப்பொண்ணு எழுமலைக்காரி, என் அத்தை மகள். ஒரே ஒருமுறை அவளைப் பேய்ப்படத்துக்கு அழைத்துப் போனேன். கிணற்றில் விழுந்த சிறுமி ஆவியாக வரும் கதை. மற்றவர்கள் அலறினார்கள், இவள் அழுதாள். கே.கே. நகர் திரும்புகிற பஸ்ஸில் மெல்லக் கேட்டாள்: "கெணத்துல கெடந்த அந்தப் புள்ளைய யாரு மாமா எடுத்து அடக்கம் பண்ணுனா?"

அது நடிப்பு என்றேன். "நடிச்சாலும் புள்ள புள்ளதானே" என்றாள். அவளிடம் பொய்யென்றும் நிஜமென்றும் இரண்டு அறைகள் கிடையாது. நான் அவள்மேல் உயிரையே வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்காகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன்.

அவளுக்கென்று சில பயங்கள் இருந்தன. எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்தவை, ஒவ்வொன்றுக்கும் பரிகாரமும் கூடவே வந்திருந்தது. உச்சி வெயிலில் யாராவது கூப்பிட்டால் உடனே ஏன் என்று பதில் குரல் கொடுக்கக்கூடாது. காத்துக்கருப்பு தெரிந்தவர் குரலில் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அதற்குக் கூப்பிட வராது. மூன்றாவது குரல் மனுசக் குரல், தைரியமாகக் கதவைத் திறக்கலாம். அவளுடைய சிவப்பு விளக்கு அதுதான்.

ஆபீசிலிருந்து வந்தால் நானும் மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத்தான் நிற்பேன். எங்கள் மகள் ஒச்சாயி ஒன்றாம் வகுப்புப் போகத் தொடங்கியதும் அவளுக்கும் அது பழகிவிட்டது. தெருக்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா என்பாள். கொஞ்சம் விட்டு மறுபடி அம்மா என்பாள். மூன்றாவது அம்மாவில் சிரிப்பும் கலந்திருக்கும். "வந்துட்டேன் சாமி" என்று தங்கப்பொண்ணு ஈரக்கையோடு ஓடுவாள். அந்த வீட்டில் அதைவிட நல்ல சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

அந்த வருடம்தான் என் பேய்கள் பழசாகிவிட்டன என்று வாசகர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாவது முறையும் கூப்பிடக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி நான் ஒரு கதை எழுதினேன். வழக்கம்போலத் தங்கப்பொண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எந்தக் குரலுக்குத்தான் மாமா கதவத் தொறக்குறது?"

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அன்றைக்கே ஆசை வந்துவிட்டது.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கிளம்பிப்போய், உச்சிப்பொழுதில் கொல்லைப்பக்கமாகத் திரும்பி வந்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் காலிக் குடம் ஒன்று கிடக்கும். அதற்குள் வாயை வைத்துக் கூப்பிட்டால் குரலுக்கு ஒரு முழக்கம் வரும், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. குரல் மாற்றிக் கதை வாசித்து வாசித்து ஒச்சாயியின் குரல் எனக்கு நன்றாக வரும். மூன்று முறை கூப்பிட்டேன். தங்கப்பொண்ணு கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். தெரு காலியாக இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

தீங்கு செய்ய நினைக்கவில்லை. சமையல்காரன் உப்புப் பார்க்கிற மாதிரிதான் அது. பிறகும் சில நாட்கள் செய்தேன். ஒவ்வொரு நாளும் அவள் கதவைத் திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. ஒருநாள் திறக்கவேயில்லை. அவள் உடம்பு இளைத்துவிட்டதைப் பார்த்துச் சிக்கந்தர் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதிக் கயிறு கட்டிவிட்டார். பயந்த கோளாறு என்றார்கள். எழுமலையிலிருந்து அவள் அண்ணன் காசிமாயன் வந்து, "கொஞ்ச நாளைக்கு ஊருல இருக்கட்டும் மாப்ள" என்று கேட்டார். இங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த கதை பாதியில் நின்றுகொண்டிருந்தது.

அப்போது கே.கே. நகரில் பாதி மனைகளில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்த மனையில் கட்டட வேலைக்காகத் தரைக்குள் தொட்டி தோண்டிச் சிமெண்டு பூசித் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அன்றைக்கு என்ன விசேஷமோ, பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். கட்டட ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒச்சாயி செருப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவப் போயிருக்க வேண்டும். ஒரு செருப்பு தொட்டி விளிம்பில் சுத்தமாக இருந்தது.

நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு முன் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். தங்கப்பொண்ணு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா என்று ஒரு குரல் கேட்டது.

குழவி நின்றது. அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கையெல்லாம் மாவு. நான் பக்கத்தில் இருந்தபோது அந்தக் குரல் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"மாமா, ஒங்களுக்குக் கேக்குதா?"

இந்த இடத்தை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பேய் என்று ஒன்று இருந்தால் அது நான்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே கூப்பிடுவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டாள், தெருக்கதவில் நிற்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு குரல்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

இரண்டாவது குரல் வந்தது. தங்கப்பொண்ணு போய்க் கதவைத் தாழிட்டாள். முதுகைக் கதவில் கொடுத்துச் சரிந்து உட்கார்ந்தாள். மாவுக் கையால் காதைப் பொத்திக்கொண்டு, "போயிரு, போயிரு, எம்புள்ள கொரல்ல கூப்புடாத" என்று அழுதாள். அவள் விரல்களுக்கு நடுவே சந்து இல்லை. நான் எல்லாத் தியேட்டரிலும் தேடிய முகம் என் வீட்டு வாசற்கதவுக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை.

பிறகு மூன்றாவது குரல் வந்தது. அதற்குப் பின் வரவில்லை.

போலீஸ்காரர்கள் நல்ல மாதிரியாக நடந்துகொண்டார்கள். விபத்து என்று எழுதினார்கள். தெருக்காரர்கள் வேறு விதமாகப் பேசினார்கள்: பேய் பிடித்தவள் பெற்ற பிள்ளைக்குக் கதவைத் திறக்கவில்லை என்று. அவளும் அதைத்தான் சொல்கிறாள். "மூணு தடவ கூப்பிட்டா. நான்தான் போகல." யாரைப் பார்த்தாலும் அதையே சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள்மேல் குற்றமில்லை என்று ஆறுதல் சொல்கிறேன். அது உண்மையும்கூட.

இப்போது எழுமலையில் காசிமாயன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இனி எந்தப் பரிகாரமும் வேண்டியதில்லை. கீரைக்காரி கூவினாலும், பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுத்தாலும், அடுத்த வீட்டுப் பிள்ளை தன் தாயைக் கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே "வந்துட்டேன் சாமி" என்று ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். நான் போனால் எனக்கும் அப்படித்தான் திறப்பாள். பிறகு என் இடுப்பு உயரத்தில், பிள்ளை நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.

இங்கே ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. முதல் இரண்டு குரலும் தெருக்கதவிலிருந்து வந்ததாக நான் நினைத்துக்கொண்டது நிஜம். மூன்றாவது அப்படியில்லை. அதில் முழக்கம் இருந்தது. தங்கப்பொண்ணு அதைக் கேட்டுத்தான் பேயென்று உறுதி செய்துகொண்டாள், ஏனென்றால் அவளுக்கு அந்த முழக்கத்தைப் பழக்கியவன் நான். குழிவான ஒன்றுக்குள்ளிருந்து வந்தால்தான் குரல் அப்படி முழங்கும் என்று எங்கள் இருவரில் எனக்குத்தான் தெரியும். குடம் கொல்லையில் கிடந்தது. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் தங்கப்பொண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. தங்கப்பொண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காசிமாயனும் பத்திரிகை தொடுகிறவரில்லை. அதனால் உங்களிடம் மட்டும் ஓர் உதவி: அந்த முழக்கம் வருகிற இடத்தைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று, மறக்காமல் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுங்கள்.