மாதாவின் சுண்டுவிரல்

சிலை நன்றாக வந்திருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த வழக்கைக் காரணம் காட்டி அதைத் தேரில் ஏற்றாமல் விட்டுவிடக் கூடாது.

என் பெயர் எல்வின். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். என் மனைவி லின்சி போன நவம்பரில் டெங்குவில் இறந்துபோனாள். கல்யாணமாகி நான்கு வருடம். அவள் நினைவாக எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு மாதா சிலை தருவதாகப் பங்குப் பேரவையில் சொன்னேன். ஊரில் மரச்சிலை செதுக்கும் ஆல்பின் அண்ணனிடம் வேலையைக் கொடுக்கலாம் என்றதும் நான்தான்.

பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் குடிப்பவர். பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள்.

"அவன் கை பட்ட மாதாவுக்கா மாலை போடுறது?" என்றார் பேரவையில் மூத்தவரான மதலைமுத்து.

"வேலையப் பாருங்கய்யா. ஆளப் பாக்காதீங்க" என்றேன்.

"சார் படிச்சவரு. ஆள விட்டுட்டு வேலைய மட்டும் பார்சல் கட்டி வாங்கிட்டு வந்துருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவருக்காகக் கடைசிவரை பேசினேன். வேலை அவருக்கே கிடைத்தது.

ஜூன் கடைசியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், பட்டறைக்குப் போனேன். மாதாவின் பாதங்களை முடித்திருந்தார். ஒரு காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது. லின்சிக்கும் அப்படித்தான். இறந்த அன்று அவள் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டும்போது கவனித்தேன். கட்டிய கணவனைத் தவிர இன்னொருவருக்கு அது தெரிய நியாயமில்லை. நான்கு வருடம் எனக்குக் காட்டாததை அவருக்குக் காட்டியிருக்கிறாள்.

"இந்தக் கால எங்கண்ணே பாத்தீங்க?"

"தேரு வரட்டும் சார், சொல்றேன். இப்ப வேல எப்படி, அதச் சொல்லுங்க."

நன்றாக இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. மரத்தில் ஒரு விரல் அவ்வளவு களைப்பாகச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே செய்திருக்கலாம். சிலைக்குக் கைகள் பாக்கி இருந்தன. ஆள்மேல் உள்ள கோபத்தை வேலைமேல் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தொன்பது நாள் காத்திருந்தேன். தினமும் கல்லூரி விட்டதும் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு போனேன்.

"சார் வர்றதால நான் கடைப் பக்கமே போறதில்ல. கடைக்காரன் என்னத் தேடி வந்துருவான் போல" என்று சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் வர்ணம் காய்ந்துவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. சிலைமேல் ஏதும் தெறிக்காமல் இருக்க ஒரு துணியைப் போர்த்தினேன். அவருடைய மரச் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டேன்.

சுத்தியலை அவர் கவனிக்கவில்லை. தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"கோயில்லதான் சார். நான் கடைசியில வாசப்பக்கம் நின்னு பூசை பாக்கறவன். தங்கச்சி முட்டி போடும்போது தெரியும். அதோட ஞாபகமா இருக்கட்டுமேன்னு வச்சேன். தேரன்னிக்கு நீங்களே கண்டுபுடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

மாட்டிக்கொண்டவர் சொல்லும் பதில். நானும் ஞாயிறு தவறாமல் அதே கோயிலில்தான் இருந்தேன். எல்லோரும் செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். என் கண்ணில் ஒரு நாளும் பட்டதில்லை.

மூன்று முறை அடித்தேன். கொன்றது நான்தான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். துணியை விலக்கிப் பார்த்தேன். சிலையில் ஒரு துளிகூட இல்லை.

இதையெல்லாம் எழுதி வாங்கிய இன்ஸ்பெக்டர் விஜயலட்சுமி கடைசியாக ஒன்று கேட்டார்.

"உங்க மனைவிக்கு அந்த விரல் எந்தக் கால்லங்க?"

அதை மட்டும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சிலையை ஒருமுறை பார்க்க வேண்டும்.