முத்தாயியின் வயது

"ஹலோ... ஹலோ... மலாக்கா கோர்ட்டா?... விஜயரட்ணம் ஐயாவா? தமிழ்ல மொழிபெயர்க்கிறவருதானே?... ஆமா, ஆமா, செலண்டார் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸு. கிராணி பேசறேன்... வச்சிடாதீங்க ஐயா, ஒரு நிமிஷம்லா!"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மருதமுத்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாசற்படியில் இருசம்மாள் நின்றிருந்தாள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளைப் பட்டினி போட வெள்ளைக்காரர் மலாயாவில் கொண்டுவந்த அவசரகாலச் சட்டத்தில், தோட்டத்துக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் குற்றம். அவள் மகள் முத்தாயி நேற்று ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகையில் கேட்டில் சோற்றோடு பிடிபட்டிருந்தாள்.

"காலைல ஒரு கேஸ் வந்துச்சே, முத்தாயின்னு... ஆமா, அதேதான். தூக்குச்சட்டியில சோறு... கம்யூனிஸ்ட்டுக்கு இல்லீங்க! பசிக்கும்னு தனக்கு எடுத்துட்டுப் போயிருக்கு... சட்டம் தெரியும், தெரியும். நான் அதுக்குப் பேசல. சின்னப் புள்ள ஐயா அது. பதிமூணுதான் ஆவுது... ஆமா, அடையாளக் கார்டுல பதினெட்டுதான் இருக்கும். அது... அது தப்பா விழுந்திருச்சு."

விழுந்ததாவது! கார்டுக்கு எழுதிக்கொடுத்ததே அவர்தான். இருசம்மாளின் புருஷன் செத்தபின், வேலை செய்கிற பெரியவர்கள் இரண்டு பேர் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று, சில மாதங்களுக்கு முன் பாவம் பார்த்து ஐந்து வயதைக் கூட்டிப் போட்டார்.

"பெரியவங்க ஜெயில்ல போட்டுறாதீங்க ஐயா. சின்னப் புள்ளைங்களுக்குத் தனிக் கோர்ட்டு இருக்காமே?... ஆ, இருக்குல்ல! அங்க அனுப்பச் சொல்லுங்க... என்னது? மாஜிஸ்ட்ரேட்டே கேட்டாரா?... அது என்ன சொல்லுச்சு?"

கிராணியின் குரல் இறங்கிப்போயிற்று.

"பதினெட்டா... மூணு தடவை கேட்டும் பதினெட்டா?... அழுதுகிட்டேவா..."

யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல், மாற்றிச் சொன்னால் உன் அம்மாவை வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று இதே மேசைக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளை அப்படியே சொல்லியிருக்கிறது.

"பொய் ஐயா அது... எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும்லா... சரி... சரி... தீர்ப்பு ரெண்டு மணிக்கா? அதுக்குள்ள யாரு வரணும்?... எழுதினவரேவா? சத்தியம் பண்ணி... பண்ணினா அவரையும் உள்ள வைப்பாங்களா?... ஓ... வரலன்னா?... ஒரு வருஷமா? பெரியவங்களோடயா?... கொஞ்சம் இரு இருசம்மா, பேசிட்டுத்தான இருக்கேன்!... ஆமா ஐயா, இருக்கேன். எழுதினவரு பேரா?... பேரு..."

மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை. டவுனுக்குப் பஸ் இருந்தது. மருதமுத்துவுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ரிசீவருக்குள் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதை மெல்லக் கீழே வைத்தார்.

இருசம்மாள் வாசற்படியை விட்டு உள்ளே வந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"லைன் கட்டாயிருச்சு, இருசம்மா."